ஃபிலிம் டப்பாவில் விபூதி

கறுப்பு உடம்பும் சாம்பல் நிற மூடியும் கொண்ட அந்தச் சின்ன ஃபிலிம் டப்பா, குரும்பலூரில் என் சித்தி வீட்டுக் குழாயடிச் சுவரின் மேல் எப்போதும் இருக்கும். பக்கத்தில் பச்சைச் சட்டம் போட்ட கைக்கண்ணாடி. டப்பாவுக்குள் விபூதி. நெற்றியில் பூச அல்ல, பல் தேய்க்க. அந்த யோசனையைச் சொன்ன மேதாவி நான்தான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தா.பழூரிலிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கி, பெரம்பலூரில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்தேன். சித்தப்பா கல்யாணமான நாலாம் மாதமே சிங்கப்பூர் போனவர். "நீ சிரிச்சாப் போதும், வூடு நெறஞ்சுடும்" என்று கிளம்பும்போது அவர் சொன்னதைச் சித்தி என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். அடுத்த வருஷம் அடிபம்பின் கைப்பிடி எகிறி வாயில் அடித்து, முன்பல் இரண்டும் பாதியாக உடைந்தன. எங்கள் டாக்டர்தான் உடைந்த பல் மேல் உறை மாதிரி கேப் போட்டார். உள்ளே உலோகக் கூடு, முன்பக்கம் மட்டும் பல் நிறத்தில் பிளாஸ்டிக். எங்களைப் போன்றவர்களுக்கு அன்றைக்கு எட்டியது அதுதான். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஒன்றரை வருஷத்தில் கேப் மங்கியது. நாளைக்கு நாலு டீ குடிப்பவள், மங்காமல் என்ன செய்யும்?

"மஞ்சளடிக்குது புள்ள. ஒங்க சித்தப்பா லீவுல வர்றதுக்குள்ள வெளுக்கணும். டாக்டர்ட்ட கேட்டுட்டு வா" என்றாள்.

நான் கேட்கவில்லை. டாக்டர் அறையிலிருந்த வெள்ளி விளக்கை வாராவாரம் விபூதி போட்டுத் துலக்குவது என் வேலை. பளபளவென்று வரும். இதற்குப் போய் டாக்டரா என்று எனக்குத் திமிர். "விபூதி தொட்டுத் தேய்ங்க சித்தி, வெள்ளி மாதிரி வந்துடும்" என்றேன். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் சொன்னால் அவள் நம்பாமல் இருப்பாளா? முதல் வாரம் மஞ்சள் போய் வெளுக்கத்தான் செய்தது. பிறகு நடுவில் லேசாகக் கறுப்பு தட்டியது. அதை அழுக்கு என்றே இருவரும் நினைத்தோம். காலையில் மட்டும் தேய்த்தவள் சாயங்காலமும் தேய்த்தாள். நல்லா அழுத்தித் தேய்க்கச் சொன்னதும் நான்தான். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு அகலமானது.

சித்தப்பா வர மூன்று வாரம் இருக்கும்போது, யாரோ ஒருத்தருடைய கதையைப் போல டாக்டரிடம் விசாரித்தேன். "மேல இருக்கற பிளாஸ்டிக் தேஞ்சு உள்ள உலோகம் தெரியுதும்மா. என்ன போட்டாலும் வெளுக்காது. கழட்டிட்டு வேற போடணும். வரச் சொல்லு, ரெண்டு வாரத்துல முடிச்சுடலாம்" என்றார். காலம் தாராளமாக இருந்தது. ஆனால் சித்தி வந்தால், எதைப் போட்டுத் தேய்த்தீர்கள், யார் சொன்னது என்று டாக்டர் கேட்பார். என் வேலை போய்விடும். "டாக்டர் ஊர்ல இல்ல சித்தி, வர ஒரு மாசம் ஆகுமாம்" என்று சொல்லிவிட்டேன்.

சித்தப்பா வந்தார். அவர் இருந்த ஒரு மாதமும் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்தபடி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். புதுக் கேமராவில் எடுத்த படம் அத்தனையிலும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். ஃபிலிம் தீர்ந்ததும் அவர் தூக்கிப் போட்ட டப்பாவைத்தான் எடுத்து வைத்துக்கொண்டாள். அதுவரை விபூதி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இருந்தது.

வழியனுப்பப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போனேன். "ஒங்க சித்திக்கு நான் வந்ததே புடிக்கல போலருக்கும்மா. ஒரு வாட்டிகூட சிரிக்கலியே" என்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திருச்சி பஸ் வந்து நின்றது. "பத்திரமா போயிட்டு வாங்க சித்தப்பா" என்றேன். அவர் திரும்பி வரவில்லை. கடிதம் குறைந்தது, நின்றது. அங்கேயே அவருக்கு ஒரு குடும்பம் ஆகிவிட்டதாக ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார்.

நான் கல்யாணமாகி அரியலூருக்கு வந்துவிட்டேன். போன மாதம் குரும்பலூர் போயிருந்தேன். பீங்கான் பல் இப்போது நன்றாக வந்திருக்கிறது, நானே கூட்டிப்போய்ப் போட்டு விடுகிறேன் என்று சித்தியிடம் கெஞ்சினேன். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"தப்பு எம்பேருலதான் புள்ள. நீ அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்ன. நான்தான் ஒழுங்கா அழுத்தித் தேய்க்கல" என்றாள்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவள், எழுந்து கை கழுவக் குழாயடிக்குப் போனேன். சுவரில் அதே ஃபிலிம் டப்பா. திறந்தால் விபூதி அடியில் கொஞ்சமாக ஒட்டியிருந்தது.

"கோயிலுக்குப் போனா கொஞ்சம் எடுத்தாந்து குடு புள்ள, தீரப் போவுது" என்றாள் உள்ளேயிருந்து.

"சரிங்க சித்தி" என்றேன்.