பொட்டு வைத்த கட்டைகள்

இரண்டு புளியங்கட்டைகள். ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் உயரம், மணை போல அகலம். என் கையால்தான் அவற்றைக் கழுவித் துடைத்துச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆயுதபூஜை அது. காரைக்காலில் ஒரு பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டாவது வருடம். சரஸ்வதி படத்துக்குக் கீழே என் புத்தகங்கள், அப்பாவின் பேனா, அம்மாவின் அரிவாள்மனை, ஸ்பானர்கள், அவற்றோடு அந்தக் கட்டைகள்.

கட்டைகள் எங்கள் டிரைவருடையவை. விழிதியூர்க்காரர். அப்பாவின் பழைய அம்பாசடரை ஒர்க்‌ஷாப்புக்கு விடாமல் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுவார். அவர் காரைத் தூக்கும் பக்குவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குப் பொறுமை போய்விடும். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுப்பார். எங்கள் ஊர் மண்ணை அவர் நம்பமாட்டார். ஜாக்கிக்கு அடியில் பலகை போடுவார். கார் எழும்பியதும் கட்டைகளை அச்சுக்கு அடியில் தள்ளி, ஜாக்கியைச் சற்று இறக்கி, காரைக் கட்டைமேல் உட்காரவைப்பார். பிறகு தோளால் முட்டிப் பார்ப்பார். அசையவில்லை என்றால்தான் அடியில் போவார். "ஜாக்கி தூக்கறதுக்குத்தாங்க. தாங்குறது கட்டதான்" என்பார். அப்பா அவருக்கு வைத்திருந்த பெயர் தொடைநடுங்கி.

அன்று மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரை மாயவரம் ஜங்ஷனிலிருந்து தன் காரிலேயே அழைத்து வருவதாக அப்பா கடிதம் போட்டிருந்தார். காலையிலேயே காரைக் கழுவி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்தியாயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால், சைலன்சர் கழன்று தரையில் இழுத்தது.

"நாளைக்குப் பாத்துக்குவோங்கய்யா. நான் போயி ஒரு வாடகைக் கார் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார் டிரைவர்.

"வாடகைக் கார்ல போயி எறங்கவா நான் கார் வாங்கி வெச்சிருக்கேன்? கம்பிய வெச்சுக் கட்டு. ஜாக்கிதான் டிக்கியில கெடக்குதுல்ல" என்றார் அப்பா.

டிரைவர் கொல்லைப்பக்கம் வந்தார். நான் தலை பின்னி, பட்டுப்புடவை கட்டி, கசங்கிவிடுமோ என்று நின்றுகொண்டிருந்தேன்.

"பாப்பா, அந்தக் கட்ட ரெண்டயும் எடுத்துக் குடுங்க. வேல முடிஞ்சதும் கழுவிக் குடுத்துடறேன்."

"பூஜையில வெச்சதுண்ணே. நாளைக்குக் காலையில எடுத்தாதான் உண்டு. அம்மா கத்துவாங்க."

அம்மாவிடம் நான் கேட்கக்கூட இல்லை. மாலை போட்ட காரை ஓட்டிக்கொண்டு மாயவரம் போகலாம். பொட்டு வைத்த கட்டையை மட்டும் தொடக்கூடாது. இதுதான் எங்கள் வீட்டுச் சாஸ்திரம். அதை எழுதியவர்களை விட்டுத் தள்ளுங்கள், படித்த பெண் நான், எனக்கு எங்கே போயிற்று புத்தி? வாசலிலிருந்து அப்பா, "செங்கல் கெடக்குல்ல, அத அடுக்குய்யா!" என்று கத்தினார். டிரைவர் போய்விட்டார்.

கார் கழுவிய தண்ணீரில் வாசல் மண் ஊறிக் கிடந்தது. ஜாக்கி ஒருபக்கமாகப் புதைந்து சாய்ந்திருக்கிறது. செங்கல் உடைந்த சத்தம் எனக்குக் கொல்லைவரை கேட்டது. பின்சக்கரம் அடியில் போயிருந்த டிரைவரின் வலது முழங்கைமேல் இறங்கியிருந்தது. தெருக்காரர்கள் ஓடிவந்து காரைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலேயே கையை எடுத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் எப்படியோ வாடகைக் கார் பிடித்து வந்தார்கள். அதற்குள் வாசலில் புதுமண் கொட்டி மிதித்துவிட்டிருந்தார் அப்பா. அந்த மண்மேல் நடந்து வந்துதான் அவர்கள் கேசரி சாப்பிட்டார்கள். நான் நமஸ்காரம் செய்தேன். கல்யாணமும் நடந்தது.

கல்யாணத்துக்கு முன்பே ஒருநாள் டிரைவரின் மனைவி வந்தார். அப்பா கூடத்தில் ஈசிசேரில் இருந்தார். அந்த அம்மாள் உள்ளே வரவில்லை. படிக்குக் கீழே நின்றபடி என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"டீச்சரம்மா, அவரு உங்ககிட்ட கட்டயக் கேட்டேங்கறாரு. அய்யாவோ, அவன்தான் அசட்டையா செங்கல்ல வெச்சான்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. கேட்டாரா?"

அப்பா பத்திரிகையை இறக்கவே இல்லை. சம்பந்தி வீட்டுக்கு இந்தப் பேச்சு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைச் சொல்லி இப்போது நான் தப்பிக்கப் பார்க்கவில்லை.

"இல்லையே. கேக்கலையே" என்றேன்.

அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா கடைசிவரை அந்தக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நான் மன்னிக்கவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லி யாரிடம் போவது என்றும் தெரியவில்லை. இப்போது வீட்டு வாசலில் ஜாக்கி போடுவாரே இல்லை. போனில் கூப்பிட்டால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகிறான். நான் ஓய்வுபெற்று, அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, போன வருடம்தான் விழிதியூருக்குப் போகத் துணிவு வந்தது.

வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் வலது கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. அடையாளம் தெரிந்ததும் எழுந்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன், நீங்கள் கேட்டீர்கள், நான்தான் கொடுக்கவில்லை, பிறகு பொய்யும் சொன்னேன் என்று.

"தெரியுமே. கேட்ட எனக்குத் தெரியாதாம்மா?" என்றார்.

"வீட்ல அவங்ககிட்ட நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். எத்தனயோ தடவ சொன்னேன். டீச்சரம்மா எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க, உன் அசட்டைதான்னு ஒரே முட்டா சொல்லிட்டா. சோத்தப் பெசஞ்சு குடுக்கறப்பல்லாம் அதயேதான் சொல்லுவா."

அவர்களைக் கூப்பிடுங்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

"அவ போயி ரெண்டு வருசமாச்சும்மா" என்றார்.