ஷைனி அளந்த டிஸ்க்

காக்களூர் தொழிற்பேட்டையில் கார்களுக்கு பிரேக் டிஸ்க் கடைந்து அனுப்பும் சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே கடைசி மேசை ஷைனியுடையது. அவள் அளந்து பார்த்துப் பச்சை மையால் ஒரு கோடு போட்ட பிறகுதான் டிஸ்க் பெட்டிக்குள் போகும். ஒரு ஷிப்டில் நானூறு டிஸ்க் அவள் கையைத் தாண்டும்.

அந்த மேசை சும்மா கிடைத்துவிடவில்லை. அம்மா ஞானம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுத்தான் அவளைப் பத்தாவது வரை படிக்கவைத்தார். கம்பெனியில் சேர்ந்தபோது ஷைனிக்குக் கொடுத்த வேலை, டிஸ்க்கில் ஒட்டிய எண்ணெயைத் துணியால் துடைப்பது. தலைமுடியின் பருமனைக்கூட அளந்து சொல்லும் மைக்ரோமீட்டரை டிப்ளமோ படித்தவர்கள் மட்டுமே தொடுவார்கள். ஷைனி சாப்பாட்டு நேரத்தில், கழித்துப் போட்ட டிஸ்க்குகளை வைத்து அதைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். நான்காவது வருஷம் ஒருநாள், பெட்டிக்குள் அடுக்கிய ஒரு தட்டு டிஸ்க் முழுக்க மெலிசாக இருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். துடைக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டதாம். அவர் சிரித்துக்கொண்டே அளந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த மாதம் அவளை மேசையில் உட்காரவைத்தார்கள்.

முதல் போனஸில் தனக்கென்று ஒரு மைக்ரோமீட்டர் வாங்கினாள். "நகை வாங்குவேன்னு பாத்தேன்" என்றான் கணவன் ரகு.

"இதுவும் பளபளன்னுதான கீது" என்றாள் ஷைனி.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து, ரிப்பேருக்கு விட்ட ஸ்கூட்டரை எடுக்க மெக்கானிக் மோகன்ராஜின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அங்கே சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று லிஃப்டில் உயர்ந்து நின்றது. முன்சக்கரங்கள் கழற்றப்பட்டுக் கிடந்தன. சக்கரம் இருந்த இடத்தில் வட்டமான பிரேக் டிஸ்க்கும், அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளும் தெரிந்தன. பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் பார்த்திபன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் விவசாயம். கல்லூரிக் காலத்திலிருந்து ஆசைப்பட்ட வண்டி. ஏழு வருஷம் ஓடியதை இரண்டு நாள் முன்புதான் சென்னையில் வாங்கியிருந்தார்.

"நாளைக்கு ஊட்டம்மாவ இட்டுக்கினு திருமலைக்குப் போறாரு" என்றான் மோகன்ராஜ். "பிரேக்க ஒரு தபா பாத்துடுன்னாரு. பாத்துட்டேன். பேடு புச்சு, டிஸ்க் இருபத்தஞ்சரை மில்லி. சோக்கா கீது."

ஷைனி காரின் அருகே போனாள். டிஸ்க்கின் மேல் நகத்தை வைத்து நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இழுத்தாள். விளிம்புக்கு அருகில் நகம் தட்டி நின்றது.

"எங்க வச்சிண்ணா அளந்த?"

மோகன்ராஜ் வெர்னியர் அளவுகோலை எடுத்து டிஸ்க்கின் விளிம்பைக் கவ்விப் பிடித்துக் காட்டினான்.

"வரப்ப அளந்துட்டு வயலு இவ்ளோ ஒசரம்னு சொல்றியேண்ணா" என்றாள் ஷைனி.

பார்த்திபன் திரும்பிப் பார்த்தார். வரப்பும் வயலும் அவருக்குத் தெரிந்த கணக்கு. "இன்னாம்மா சொல்ற நீ? பேடு புதுசா இருக்கே."

"பேடு புதுசுதான் சார். அத மாத்திட்டு டிஸ்க்க அப்டியே உட்டுட்டாங்க. வீல் சந்துல எட்டிப் பாத்தா பேடுதான கண்ணுக்குத் தெரியும்? ஓரத்துல பேடு படாது, அங்க தேயாது. அதத் தாண்டி உள்ள வச்சி அளக்கணும்."

கைப்பையிலிருந்து தன் மைக்ரோமீட்டரை எடுத்தாள். அதன் முனைகளை விளிம்பு மேட்டுக்கு உள்ளே செலுத்தி, டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்தாள். எங்குமே இருபத்து நான்கைத் தொடவில்லை. ஓர் இடத்தில் இருபத்து மூன்று புள்ளி ஆறு. டிஸ்க்கின் நடுப்பகுதியில் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தாள். கார் கம்பெனி வார்த்திருந்த எழுத்து தெரிந்தது: இருபத்து நான்குக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். பிறகு டார்ச் அடித்து உள்பக்க முகத்தைக் காட்டினாள். அது இன்னும் மோசம். நீல நிறத்தில் சூட்டுத் திட்டுகள், குறுக்கே முடிபோல வெடிப்புகள்.

"யாரோ கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிக்கீறாங்க சார். மல எறங்கசொல்ல பிரேக் சூடேறிக்கினே போவும், வெடிப்பு பெருசாயி புடிக்காமப் பூடும். இத்த நம்பி ஊட்டம்மாவக் கூட்டினு போவாதீங்க."

பார்த்திபனின் முகம் இறுகிவிட்டது. வீட்டில் மனைவி ஜோதிலட்சுமி துணிமணி எடுத்து வைத்துவிட்டாள். சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. வழியில் நிற்கும் ஒரு பெண் தன் வண்டியைக் குறை சொல்கிறாளே என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. ஆனால் அவர் குனிந்து தன் நகத்தால் அதே இடத்தைத் தடவிப் பார்த்தார். நகம் நின்றது. பயணத்தை நிறுத்திவிட்டு, விற்ற கடைக்குப் போன் போட்டார்.

திங்கட்கிழமை மாலை அந்தக் கடையிலிருந்து தேசப்பன் என்பவர் மோகன்ராஜின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பார்த்திபன் ஷைனியையும் வரச் சொல்லியிருந்தார். கையில் அச்சடித்த பரிசோதனைத் தாள். பிரேக் என்ற இடத்தில் பெரிய டிக். ஷைனியை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், எங்க இன்ஜினியர் செக் பண்ணது இது. பக்கத்துக் கம்பெனி லேடி இன்னாவோ சொன்னாங்கன்னு பேஜார் பண்றீங்களே."

ஷைனி முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. மைக்ரோமீட்டரை அவரிடம் நீட்டினாள்.

"நான் சொல்ல வேணாம். நீங்களே அளந்து பாருங்க சார்."

தேசப்பன் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். யாரும் சிரிப்பதற்குள் ஷைனி அதை நேராக்கிக் கொடுத்து, முதலில் முனைகளை மூடிப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னாள். எங்கே வைப்பது, எவ்வளவு திருகுவது என்று காட்டினாள். அவர் அளந்தார். நம்பாமல் இன்னோர் இடத்தில் அளந்தார். மூன்றாவது இடத்துக்குப் போகவில்லை.

"எவ்ளோ வருது?" என்றார் பார்த்திபன்.

"இருபத்தி மூணு புள்ளி ஆறு."

"டிஸ்க்ல இன்னா போட்டுக்கீது?" என்றான் மோகன்ராஜ்.

"இருபத்தி நாலு."

"கொஞ்சம் சத்தமா சார். சாருக்குக் கேக்கலயாம்."

அந்த வாரத்துக்குள் இரண்டு முன் டிஸ்க்கும் பேடுகளும் கடையின் பொறுப்பில் புதிதாக வந்தன. மோகன்ராஜ் மாட்டும்போது ஷைனி பக்கத்தில் நின்றாள். புது டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும்போது தேசப்பன் தயங்கித் தயங்கி, "மேடம், எங்க யார்டுல இன்னும் ரெண்டு வண்டி நிக்குது. ஒரு நாள் வந்து பாப்பீங்களா?" என்று கேட்டார். லீவு நாளில் வருவதாகச் சொன்னாள்.

புது டிஸ்க்கும் புது பேடும் ஒன்றோடொன்று பழக வேண்டும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை அழுத்தி, முழுசாக நிற்காமல் பத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி வேகம் எடுக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உள்சாலை ஒன்று வெறிச்சென்று கிடந்தது. மோகன்ராஜும் ரகுவும் ஓரமாக நின்றார்கள். பார்த்திபன் முதலில் ஓட்டினார். பயத்தில் ஒரேயடியாக மிதித்து வண்டியை நிறுத்திவிட்டார். இரண்டாவது முறையும் அப்படியே.

சாவியை ஷைனியிடம் நீட்டினார். "நீங்களே ஓட்டுங்க மேடம். நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்குறேன்."

இரண்டு வருஷம் முன்பு லைசென்ஸ் எடுத்திருந்தாள். அதன் பிறகு ஓட்டியதெல்லாம் ரகு வேலை செய்யும் இடத்து மினி லாரிதான். சிவப்புக் காரில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். முதல் முறை மிதித்தபோது டிஸ்க் இன்னும் வழுக்கியது. நான்காவதில் பிடிக்க ஆரம்பித்தது. ஏழாவதில் கருகல் வாசனை வந்தது, பார்த்திபன் பதறினார். "அது வரணும் சார்" என்றாள். பத்தாவது முறை கால் வைத்ததுமே வண்டி அவள் சொல்கிற அளவுக்குக் குறைந்தது, இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் கையைத் தாண்டிப் போன லட்சக்கணக்கான டிஸ்க்குகள் சாலையில் என்ன செய்கின்றன என்பதை அன்றைக்குத்தான் அவள் கால் அறிந்தது.

ரகு கைதட்டிக்கொண்டே சாலை விளிம்புக்கு வந்து, நிறுத்து நிறுத்து என்று கையைக் காட்டினான். மோகன்ராஜ் போனைத் தூக்கி வீடியோ எடுத்தான்.

"நிக்கலியா?" என்றார் பார்த்திபன்.

"சூடா இருக்கசொல்ல நிக்கக் கூடாது சார். ஓடிக்கினே ஆறணும்."

ஷைனி ஹாரனை ஒரு தரம் அழுத்தினாள். ஜன்னலை இறக்கி, கியரை மாற்றி, ஓரத்தில் நின்ற இருவரையும் தாண்டி நேராக ஓட்டினாள்.