பஃபே அண்ணையின் பனிச்சறுக்கு பாஸ்

இன்று எஸ்-பான் ரயிலில் குகன் அண்ணையைக் கண்டேன். ஸ்டுட்கார்ட்டில் உணவகம் வைத்து ஞாயிறுதோறும் ஒரே விலைக்கு எவ்வளவும் சாப்பிடலாம் என்று பஃபே போடுகிறவர்.

பனிச்சறுக்கு சீசன் பாஸ் வாங்கியிருக்கிறாராம். ஒரே பாஸில் குளிர்காலம் முழுக்க எத்தனையோ மலைகளுக்கு எத்தனை தரமும் போகலாம். கோடையிலேயே வாங்கினால் மலிவு.

"எத்தனை தரம் போனீங்கள் அண்ணை?"

"ஒருக்காக்கூடப் போகேல்லை. சனி ஞாயிறு கடையை விட்டிட்டு எங்க போறது?"

"அப்ப லாபம் பாஸ் விக்கிறவங்களுக்குத்தானே?"

"ஓம். வாங்கின எல்லாரும் வந்தால் அந்த விலைக்குக் குடுக்க ஏலாது. வராத ஆக்களை நம்பித்தான் விலை போடுறவங்கள். என்ர பஃபேயும் கொஞ்சமாச் சாப்பிடுற ஆக்களாலதான் ஓடுது."

இவ்வளவு தெரிந்தவர் ஏன் வாங்கினார் என்று கேட்க வாயெடுத்தேன்.

"ஞாயிறு வாறீர்தானே?" என்றார்.

தவறாமல் போய், இரண்டு தோசையோடு எழும்பிவிடுகிறவன் நான்.

அங்கே நாலு தட்டு சாப்பிடுகிறவர்கள் இதை வாசித்தால், ஒரு நன்றியாவது சொல்லிவிட்டுப் போங்கள்.