கறுப்பு பேடுதான் என்று சொன்னேன்

என் அண்ணன் காரின் பானெட்டில் வைத்த பொட்டை நான் அழித்தேன். மிஷின் அழித்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கடைசி ஆயுத பூஜைக்குத் தன் வெள்ளைக் காரைக் கழுவித் துடைத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து, மூன்று விரலால் பானெட்டில் இழுத்தான். அடுத்த மாதம் மஞ்சள் காமாலை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தான். அவன் போன பிறகு கார் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் வெயிலில் அப்படியே நின்றது. பங்குனியில் நான் ஓட்டுவதற்காகக் கழுவியபோது சந்தனம் போய்விட்டது. குங்குமம் பெயிண்டுக்குள் இறங்கியிருந்தது. மூன்று விரல் கோடும் வெளிறிய சிவப்பில் தெரிந்தது.

நங்கை வந்து பார்த்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அதைய மட்டும் தேய்ச்சுறாத தம்பி. இருக்கட்டும்."

அதற்குப் பிறகு தினமும் சாணி அள்ளிப் போட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது, அந்தக் கோடுகளின் மேல் தன் மூன்று விரலை வைத்து எடுப்பார். ஒரு நொடிதான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். தேங்காய் நார் மில்லில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குப் பிறகு அந்தக் காரை வேலந்தாவளம் டாக்ஸி ஸ்டாண்டில் போட்டேன். ஸ்டாண்டில் சும்மா விடுவார்களா.

"ஏண்டா, வண்டிக்கு அம்மை போட்டிருக்குதா?" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"வேப்பலையக் கட்டி ஓட்டச் சொல்லுங்ணா" என்றார் இன்னொருவர்.

நானும் சிரித்தேன். அது அண்ணனின் கை என்று சொல்லியிருந்தால் அவர்கள் வாயை மூடியிருப்பார்கள். எல்லோரும் அவனோடு டீ குடித்தவர்கள்தான். நான் சொல்லவில்லை.

வைகாசியில் ஒரு கல்யாண ஓட்டம் வந்தது. பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பெண்ணின் மாமா கையில் பூச்சரத்தோடு காரைச் சுற்றி வந்தவர் பானெட்டுக்கு முன்னால் நின்றார்.

"இதென்ன கண்ணு, செவசெவன்னு?"

"ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டுங்க. எங்கண்ணன் வெச்சதுங்க."

"அண்ணன் வல்லியா?"

"தவறிட்டாருங்க."

அவர் சரத்தைச் சுருட்டிக்கொண்டார். "கோவிச்சுக்காத. செத்தவங்க வெச்ச பொட்டோட பொண்ண எப்புடி ஏத்தறது? நாலு பேரு நாலு சொல்லுவாங்க."

பெண் வேறு காரில் போனாள். என் காரில் சாம்பார் வாளிகளையும் வாழைத்தாரையும் ஏற்றினார்கள். திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம். அந்த மாமா மேல் வந்திருக்க வேண்டிய கோபம், அந்த மூன்று கோட்டின் மேல் வந்தது.

கார் முழுக்க பாலிஷ் போடலாம், பொட்டை மட்டும் விட்டுவிடலாம், மற்ற இடம் பளபளவென்று இருந்தால் அது அசிங்கமாகத் தெரியாது என்று நங்கையிடம் சொன்னேன். பாதி எனக்கே சொல்லிக்கொண்டது. ஆள் வைத்துச் செய்தால் அவன் எல்லாவற்றையும் தேய்த்துவிடுவான், நானே செய்கிறேன் என்றேன். நங்கைக்கு அது பிடித்திருந்தது.

கொழிஞ்சாம்பாறையில் கார் சாமான் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். இரண்டு பாலிஷ் மிஷினை மேசை மேல் வைத்தார். நான் ஒரு பெட்டியை எடுத்து, அதில் இருந்த இங்கிலீஷை வாசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டி தலைகீழாக இருந்தது. பாய் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"இதுக்கு முன்னாடி மிஷின் புடிச்சிருக்கீங்களா தம்பி?"

"கொஞ்சமுங்க."

"கொஞ்சம்னா இல்லைன்னு வெச்சுக்கறேன். இது ஒரே வட்டமாச் சுத்தும். வேலை சீக்கிரம் முடியும், ஆனா ஒரே எடத்துல ரெண்டு செகண்ட் நின்னீங்கன்னா பெயிண்ட் வெந்துரும். இன்னொன்னு குலுங்கிக்கிட்டே சுத்தும். அழுத்திப் புடிச்சா அதுவே நின்னுக்கும். புதுசா பழகறவங்களுக்கு அதுதான்."

குலுங்குவதை எடுத்தேன். மிஷினில் மாட்டுகிற பேட் என்றால் ஏதோ ஒரு ஸ்பாஞ்ச் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மூன்று நிறத்தில் எடுத்துப் போட்டார். நான் மஞ்சளைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன்.

"கலரப் பாக்காதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அமுக்கிப் பாருங்க."

மஞ்சள், காய்ந்த ரொட்டி மாதிரி விறைப்பாக இருந்தது. அது கறையை, கீறலை வெட்டி எடுக்க. அடுத்தது வெள்ளை, மங்கலைப் போக்க. கறுப்பு விரலுக்கு அடியில் இட்லி மாதிரி அமுங்கியது. அது கடைசியில் பளபளப்புக்கு மட்டும், ஒரு கறையையும் எடுக்காது. "பேடு பெருசா வாங்கினா வேலை முடிஞ்சுரும்னு நெனைப்பாங்க. மூலை முடுக்கெல்லாம் போகாது. அஞ்சு இஞ்ச் போதும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு எடுங்க, ஒண்ணு காம்பவுண்டு பசையக் குடிச்சுச் சொதசொதன்னு ஆயிரும்" என்றார். சொன்னபடியே வாங்கினேன்.

நங்கை அவருடைய அப்பா வீட்டுக்குப் போன ஒரு நாளில் ஆரம்பித்தேன். காரைக் கழுவிக் காயவிட்டு, பொட்டைச் சுற்றிச் சதுரமாக டேப் ஒட்டினேன். கொஞ்சம் கொஞ்சம் இடமாகப் பிரித்துக்கொண்டு, பேடில் நாலு சொட்டு காம்பவுண்டு வைத்து, மிஷினைப் பெயிண்ட் மேல் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். இடது பக்கக் கதவைத் துடைத்தபோது என் முகம் தெரிந்தது. அண்ணன் போனதற்குப் பிறகு அன்றுதான் முதன்முதலாகச் சந்தோஷமாக இருந்தேன். சீழ்க்கை கூட அடித்தேன்.

மதியத்துக்குள் பானெட்டும் முடிந்தது. அப்போதுதான் அந்தச் சதுரம் கண்ணைக் குத்தியது. சுற்றிலும் கண்ணாடி மாதிரி இருக்க, உள்ளே மட்டும் மங்கிப்போன வெள்ளையும் அந்தச் சிவப்பும். முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. வாளிகளை ஏற்றியது ஞாபகம் வந்தது.

டேப்பை உரித்தேன். கழற்றி வைத்திருந்த மஞ்சள் பேடை மறுபடி மாட்டினேன்.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் ஓரத்துக் கோடு மங்கியது. மூன்றாவதில் இரண்டு கோடு போயிற்று. நான்காவதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் மிஷினை நிறுத்தி, துணியால் துடைத்து, குனிந்து பார்த்தேன். நிறுத்திக்கொள்ள மூன்று இடம் இருந்தது.

சாயங்காலம் நங்கை பஸ் இறங்கி வந்தார். பையைக் கீழே வைக்காமலே பானெட்டுக்கு முன்னால் நின்றார்.

"எங்க தம்பி?"

"கறுப்பு பேடுதானுங்க போட்டேன். டேப்பு பிரிஞ்சு மிஷின் உள்ள போயிருச்சுங்க. அதுவே எடுத்துருச்சு."

அவர் அழவில்லை. "அந்தப் பாய் என்னத்தைய குடுத்தான்? அவனைக் கேக்கோணும்" என்றார். நான் வேண்டாம் என்றேன். மறுநாள் காலையில் மிஷினையும் பேடுகளையும் தவிட்டுச் சாக்கில் போட்டுக்கொண்டு, அதை மடியில் வைத்தபடி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கடையில் இரண்டு பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நங்கை சாக்கை மேசை மேல் கவிழ்த்தார்.

"ஏனுங்க பாய், ஒண்ணுந் தெரியாத பையனுக்கு இதைய எப்புடிக் குடுத்தீங்க? கறுப்புல தொட்டானாமா, எங்க ஊட்டுக்காரரு வெச்ச பொட்டு போயிருச்சு. அவரு இல்லீங்க இப்ப."

பாய் பேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கறுப்பில் பசை மட்டும்தான் இருந்தது, சிவப்பு இல்லை. மஞ்சள் ஒன்றின் முகம் முழுக்க ரோஸ் நிறத்தில் இருந்தது. அதை நான் கழுவக்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பேடைக் கவிழ்த்து வைத்தார்.

"தப்பு என்னோடதுதாம்மா. நான் சரியாச் சொல்லிக் குடுக்கல."

"சொல்லிக் குடுக்கலையா? யாவாரம் ஆனாச் சரி, அப்புடித்தானே? உங்க ஊட்டுல ஒரு எழவு வுழுந்திருந்தாத் தெரியும் உங்களுக்கு."

வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா" என்றார். நான் கூரையிலிருந்து தொங்கிய சென்ட் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் எனக்குச் சரியான மிஷினையும் சரியான பேடையும் கொடுத்தவர்.

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலம் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தினேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண வீடு, மஞ்சள் பேட், நான்கு தடவை. வேண்டுமென்றேதான் செய்தேன் என்றேன். சொல்லும்போதே அழுதேன், அது இன்னும் கேவலமாக இருந்தது, மன்னிப்புக்காக அழுகிற மாதிரி.

ஒரு லாரி தேங்காய் லோடோடு எங்களைத் தாண்டிப் போனது.

"அவரு வெச்சதுன்னு அங்க சொன்னியா நீ? கல்யாண ஊட்டுல?"

"சொன்னேனுங்க."

"ஸ்டாண்டுல?"

"இல்லீங்க."

"வண்டியத் திருப்பு" என்றார் நங்கை.

கடை வாசலில் நிறுத்தியபோது என்னை இறங்க வேண்டாம் என்று கை காட்டினார். உள்ளே போய் பாய்க்கு முன்னால் நின்றார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பாய் வேண்டாம் வேண்டாம் என்கிற மாதிரி இரண்டு கையையும் ஆட்டியது மட்டும் தெரிந்தது. நான் கேட்க வேண்டிய மன்னிப்பை நங்கை கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏசி ஓடுகிற காரில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவர் பின்கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறினார். சவாரி ஏறுகிறவர் மாதிரி, "போலாம்" என்றார்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. சோறு போடுகிறார், பேசுகிறார், ஓட்டம் வந்ததா என்று கேட்கிறார். சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போனால் பின் சீட்டில்தான். கல்யாண ஓட்டங்கள் வருகின்றன. கார் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.