பத்து நிமிஷம் முந்திய கிராப்

ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளினால் முதலில் புதுப் பட்டின் வாசனை வரும். அதோடு ஏசிக் குளிர், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் காபியின் மணம்... நான் வேலை பார்த்த பட்டுக்கடையில் மூன்று மாடி, ஆறு பில்லிங் கவுண்டர். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பொந்து. அதுதான் சர்வர் ரூம். எம்.எஸ்ஸி. படித்தவன் அங்கே குனிந்தபடிதான் உட்கார முடியும்.

அந்த ஆவணியில் ஒரு வாரமாக நெட்வொர்க் இழுத்துக்கொண்டிருந்தது. காரணம் கண்டுபிடிக்க, எல்லாக் கவுண்டர்க் கம்பிகளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் என் சொந்த லேப்டாப்பை ஒட்டுக்கேட்க மட்டும் இணைத்து, கடை திறந்ததும் பாக்கெட் அனலைசரை ஓடவிட்டேன். கம்பியில் போகிற ஒவ்வொரு தகவல் துண்டையும் அது வந்த நேரத்தோடு பிடித்து வைக்கும் மென்பொருள் அது. பிறகு கிராப் போட்டால், எந்த நொடியில் எவ்வளவு ஓடியது என்று மேடு பள்ளமாகத் தெரியும்.

அன்று முகூர்த்தக் கூட்டம். மூன்றாவது மாடியில் இன்னொரு கவுண்டர் வேண்டும் என்றார் மேனேஜர். ஏறிப் போய் கேபிளைச் சொருகினேன். நல்ல நேரம் பிசகாமல் தினமும் சரிபார்க்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதினேன்: 10.50, புதுக் கவுண்டர்.

கீழே இறங்கினால் ஒரே கூச்சல். ஆறு கவுண்டரும் தொங்கிவிட்டன. கல்யாணப் புடவை எடுத்து முடித்து பில்லுக்குக் காத்திருந்த குடும்பத்தில் ஒரு பெரியவர், "நல்ல நேரம் முடியப்போவுதும்மா, எழுந்திருங்க" என்றார். புடவைகளை அப்படியே போட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

எல்லாக் கேபிளையும் பிடுங்கி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருகிச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆனது.

மாலையில் மேனேஜர் அறையில் கிராப்பைத் திறந்தேன். நானே ஆர்வமாகத் திறந்தேன், அதுதான் வேடிக்கை. தரையோடு தரையாக ஓடிய கோடு 10.51க்குச் செங்குத்தாக ஏறி நின்றது. எங்கோ கம்பி வளையமாகி, ஒரே தகவல் சுற்றிச் சுற்றி வருகிறது என்று பொருள். இதற்கு லூப் என்று பெயர். மேனேஜர் ரிஜிஸ்டரை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னாய்யா, பத்து அம்பதுக்குச் சொருகினே. அம்பத்தொண்ணுக்குப் பூட்ச்சு. உன் கிராப்புதானே இது?"

பில்லிங் மல்லிகா அக்கா மட்டும் கதவருகே நின்று சொன்னார்: "சார், அவுரு மேல போறதுக்கு முன்னாடியே என் கம்ப்யூட்டரு தொங்கிட்ச்சு சார்."

"நீ போம்மா. உனுக்கு டெய்லியும்தான் தொங்குது."

நானும் அக்காவை நம்பவில்லை. பாவப்பட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். அளந்தவன் நான் அல்லவா... 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாதக் கடைசியில் வேலை போனது.

போகும்போது மேனேஜர் 'லூப்பு' என்று ஒரு பெயரும் வைத்து அனுப்பினார். ஊரில் அது நன்றாக ஒட்டிக்கொண்டது. கருட சேவைக் கூட்டத்தில்கூட, "இன்னா லூப்பு, இன்னிக்கு ஒயரு எதனா சொருகினியா?" என்பார், என் மனைவி எதிரிலேயே. யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் அவர்களை மனசாரத் திட்டவும் முடியாது. தப்பு உன்னுடையதுதானே என்று உள்ளே ஒன்று கேட்கும்.

நெட் இணைப்பே கொடுக்காத அந்த லேப்டாப்பை வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, அதே கிராப்பைப் பார்த்துவிட்டு மூடி வைப்பேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மனைவி, திரை மூலையில் ஓடிய நேரத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, இதுவும் நம்ம வூட்டுக் கடியாரம் மாதிரியே பத்து நிமிஷம் ஃபாஸ்டா ஓடுது?"

போனை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

முசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வந்த காலம் அது. பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருந்தோம். லேப்டாப் வாங்கிய அன்று அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரம் வைத்தேன். நெட் இல்லாததால் அது தானாகத் திருத்திக்கொள்ளவும் இல்லை.

அப்படியானால் கிராப்பின் 10.51, உண்மையில் 10.41. நான் மாடி ஏறுவதற்கும் முன்பு.

அன்றும் அப்படித்தான் ஓடியது என்பதற்கு ஆதாரம்? ஃபைலைத் துழாவினேன். வெப்சைட்டுகள் பதில் அனுப்பும்போது தங்கள் நேரத்தையும் எழுதி அனுப்பும், லண்டன் கணக்கில். அன்று மேனேஜர் அறைக் கணினியில் யாரோ கிரிக்கெட் ஸ்கோர் பார்த்திருக்கிறார்கள். என் லேப்டாப் அதை 10.49 என்று குறித்திருக்கிறது. வெப்சைட் எழுதியிருப்பது 5.09. ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்... 10.39.

சரியாகப் பத்து நிமிஷம். நான் சொருகியதற்கு ஒன்பது நிமிஷம் முன்பே நெட்வொர்க் செத்திருக்கிறது.

"இன்னாங்க, தனியா சிரிச்சுக்கினு இருக்கீங்க?"

"மல்லிகா அக்கா சொன்னது நெஜம்மா."

பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கே சொன்னேனேப்பா. நீயே காதுல போட்டுக்கல. ஒன்பது வருஷம் ஆச்சா உனுக்கு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் வரிசையில் சேர்க்கவில்லை.

சுற்றிச் சுற்றி வந்த அந்தத் தகவலில் மேனேஜர் அறைப் பிரிண்டரின் முகவரி இருக்கிறது. பார்த்ததும் மேனேஜர்தான் மாட்டினார் என்று துள்ளினேன், மறைக்கவில்லை. ஆனால் லூப் எங்கே விழுந்தாலும், அந்த நேரத்தில் கம்பியில் இருந்தவன் பெயர்தான் அதில் சுற்றும். அதை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது ஏனாத்தூர்ப் பக்கம் மாணவர் விடுதிகளுக்கு வைஃபை போட்டுக் கொடுக்கிறேன். போன், கேமரா, ரவுட்டர் எல்லாம் தாமாகவே நேரம் சரி பார்த்துக்கொள்கின்றன. எங்கள் வீட்டுக் கடிகாரம் மட்டும் இன்னும் பத்து நிமிஷம் முந்தித்தான் ஓடுகிறது. திருத்தப் போனேன், "தொடாதீங்க, அப்புறம் நீங்க எங்கயும் நேரத்துக்குப் போவ மாட்டீங்க" என்றாள். விட்டுவிட்டேன். இந்த வாரம் முழுக்க நன்றாகச் சாப்பிடுகிறேன்.

கீழே பெயர் போடச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள். இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னொன்று போடுவதாக இல்லை.