மீதி பன்னிரண்டு நிமிஷம்

என் தம்பியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கிளினிக்குக்கு ‘நம்பிப் போகலாம்’ என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் கம்பெனி ஊழியர்கள் வைத்தியம் பார்த்துக்கொள்ள ஒரு பட்டியல் உண்டு. தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பல் கிளினிக் அதில் சேரலாம் என்று நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை. கையில் நான்கு பக்கப் படிவம் இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். எச்சில் துப்பும் தொட்டியின் விளிம்பை விரலால் தடவுவேன். போட்ட ஊசியெல்லாம் எங்கே போகிறது என்று குப்பைக்கூடையைக் கொட்டிக் காட்டச் சொல்வேன். என் தலையைக் கண்டாலே டாக்டர்களுக்கு முகம் சுருங்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தக் கிளினிக் பெருங்களத்தூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. முதல் தடவை நான் போனது ஒரு சாயங்காலம். ஒரு டாக்டர், அவருக்கு உதவியாக பீர்க்கன்கரணையிலிருந்து வரும் நாற்பது வயது அம்மாள். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார் அந்த அம்மாள். கருவிகளைக் கிருமி போகச் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் என்பது, எளிதாகச் சொன்னால், ஒரு பெரிய குக்கர். கருவிகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, நீராவியின் அழுத்தம் ஏறியபின் இருபது நிமிஷம் விட வேண்டும். துணிமேல் ஒட்டிய நாடாவில் சூடு பட்டால் கறுப்புக் கோடுகள் தெரியும். அங்கே எல்லாப் பொட்டலத்திலும் கோடுகள் பளிச்சென்று இருந்தன. கோடு கறுத்திருக்கிறதா என்று படிவம் கேட்டது. ஆம் என்று டிக் போட்டேன். தினம் எத்தனை நிமிஷம் ஓடியது என்று அந்த அம்மாள் எழுதும் நோட்டிலும் இருபது, இருபது, இருபது என்றே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்துத் தம்பிக்குக் கன்னம் வீங்கியது. “அங்கே போடா. சுத்தத்துக்கு நான் கியாரண்டி” என்றேன். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சில்லை. ஒரு சனிக்கிழமை காலை போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

வருஷம் முடிந்து, மறுபடி சோதிக்கப் போனேன். தம்பி கல்யாணத்துக்கு அப்போது சரியாகப் பத்து நாள் இருந்தது. பையில் பத்திரிகைக் கட்டோடுதான் போனேன். இந்தத் தடவை காலை நேரம். மின்வெட்டு ஊரையே வாட்டிக்கொண்டிருந்த காலம். அந்தத் தெருவில் காலை பத்து மணிக்குக் கரண்ட் நின்றால் பதினொன்றுக்குத்தான் வரும், வருஷம் பூராவும் அப்படித்தானாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டோகிளேவ் அணைந்தது. அந்த அம்மாள் நோட்டை எடுத்து ‘8’ என்று பென்சிலில் குறித்தார்.

“இது எதுக்கு?” என்றேன்.

“எட்டு நிமிசம் ஓடிக்கீது மேடம். கரண்ட் வந்ததும் மீதி பன்னெண்டு ஓட்டுவேன். அப்புறம் பென்சில அழிச்சிட்டு இருபதுன்னு பேனால எழுதிடுவேன்.”

“தினமும் இப்படித்தானா?”

“தெனமும்தான். வூட்ல ரெண்டாவது விசில்ல கேஸ் தீந்து பூட்சின்னா இன்னா செய்வோம்? சிலிண்டர் மாத்தி மூணாவது விசில் உட மாட்டோமா? ஒரு நிமிசம்கூட கொறைக்க மாட்டேன் மேடம்.”

அவர் முகத்தில் பயமே இல்லை, நல்ல வேலைக்காரியின் நிமிர்வு. ஒரு மணி நேரம் ஆறிப்போன கருவிக்கு மீதி என்று ஒன்று கிடையாது. முதலிலிருந்து இருபது நிமிஷம் ஓட வேண்டும். நாடாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பாதிச் சூட்டிலேயே கறுத்துவிடும். முந்தின தடவை, நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவே இல்லை, படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

நோயாளிகள் நோட்டைப் புரட்டினேன். தம்பி பெயர் இருந்தது. பதினொன்றே கால் மணி.

டாக்டரிடம், போன வருஷம் பதினொரு மணிக்குமேல் வந்த அத்தனை பேருக்கும் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும் என்றேன். ஒருத்தர் ரத்தத்திலிருந்து இன்னொருத்தருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி போக அந்தக் கருவிகள் போதும். “ஒண்ணும் ஆகாது மேடம், நீங்க வேற” என்று சிரித்தார். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. அன்றைக்கே ரிப்போர்ட்டில் காரசாரமாக எழுதினேன், எல்லாருக்கும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று. கம்பெனி பட்டியலிலிருந்து கிளினிக்கை எடுத்தது, அதோடு சரி. டாக்டர் அந்த அம்மாளை வேலையைவிட்டு நிறுத்தினார். யாருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போனபோது தம்பி கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தான். இப்போது போய் ரத்தப் பரிசோதனை என்றால் பெண் வீட்டுக்குத் தெரியும், கேள்வி வரும், கல்யாணம் நின்றால் யார் முகத்தில் விழிப்பது என்று யோசித்தேன். எத்தனை பேருக்குப் பல் பிடுங்குகிறார்கள், இவனுக்கா வரப்போகிறது என்று யோசித்தேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த டாக்டர் சொன்ன அதே வார்த்தை. கல்யாணத்தில் ஓடியாடி எல்லாரையும் வரவேற்றது நான்தான்.

நாலு மாதம் கழித்துத் தம்பி தன் ஆபீஸில் ரத்த தானம் செய்தான். ஒரு வாரத்தில் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது, ஒரு தடவை நேரில் வாருங்கள் என்று. ஹெபடைடிஸ் பி. ஈரலை மெல்ல மெல்லத் தின்னும் மஞ்சள் காமாலைக் கிருமி, புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்கும் போகும். எங்கிருந்து வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, சலூன் கத்தியில்கூட வரலாம் என்றார் பார்த்த டாக்டர். தம்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தெரு முனை சலூன்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினான்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தம்பி தனிக்குடித்தனம் இருந்த வீட்டுக்குப் போய், அவனையும் அவன் மனைவியையும் உட்காரவைத்துக் கிளினிக்கில் பார்த்ததைச் சொன்னேன். பென்சிலில் எழுதிய எட்டைச் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவிக்கு அன்று காலைதான் பரிசோதனை முடிவு வந்திருந்தது. அவளுக்கும் இருந்தது.

“அக்கா, இதை எப்போ பாத்தீங்க?” என்றாள்.

“கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி.”

“எனக்கு அப்பவே தடுப்பூசி போட்டிருக்கலாம் இல்ல?”

“போட்டிருக்கலாம்” என்றேன்.