பிளசருக்குப் புதுக் கயிறு

எங்கள் ஊருக்கு வந்த முதல் பிளசர் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது. காரை அந்தக் காலத்தில் பிளசர் என்பார்கள். இதைச் சொன்னால் நாங்கள் பெரிய சீமான் வீட்டுப் பிள்ளைகள் என்று பேத்திமார் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. கொச்சி எல்லைக்குள் பெருமாட்டிப் பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பு, கொஞ்சம் கடலைக்காடு, அய்யனுடைய காளைகள் இரண்டு, அவ்வளவுதான். அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம்.

அக்காவைப் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. முந்தின வருஷம் ஊர்த் திருவிழா நோம்பிக்கு எங்கள் மாட்டு வண்டியில் வந்துவிட்டுப் போனவளுக்கு ஒரு வாரத்தில் மூன்று மாதக் கரு கலைந்துவிட்டது. வண்டி குலுங்கியதால்தான் என்று அவள் மாமியார் முடிவுகட்டிவிட்டார். அதனால்தானா என்று யாருக்குத் தெரியும்? மறுபடி அக்கா முழுகாமல் இருந்து மாதம் ஏறியபோது, கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து, பிரசவத்துக்கு அழைத்துவர நாள் பார்த்தார்கள். அங்கிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். “சோறு கொண்டாங்க, தின்னுக்கறோம். புள்ளைய மட்டும் மாட்டு வண்டியில ஏத்தி உடமாட்டமுங்க.”

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மாவின் தம்பி, என் மாமா, வந்தார். மறையூரிலிருந்து வெல்லம் ஏற்றிவரும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பொள்ளாச்சியில் வெல்ல மண்டி வைத்திருந்த ஒருவரிடம் ஒரு பழைய பிளசர் நிற்கிறது, மலையில் தேயிலைத் தோட்டத்துத் துரை வைத்திருந்தது என்று சொன்னார். அய்யன் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டார்.

கட்டுச்சோற்று நாள் காலையில் அம்மாவும் பெரியம்மாவும் சோற்றுப் பாத்திரங்களோடு பெரியப்பா வண்டியில் புறப்பட்டார்கள். எங்கள் காளைகளை லாடம் கட்ட வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே அய்யன் பொள்ளாச்சிக்கு ஓட்டிப் போயிருந்தார். அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத்தான் திரும்பினார். அதனால் அய்யனும் மாமாவும் நானும் பஸ்ஸில் போனோம். என்னை எதற்குக் கூட்டிப்போனார்கள் என்றால், நான் நாலாம் வகுப்பு. இங்கிலீஷ் எண் படிப்பேன். மாமாவுக்கு ஓட்டத் தெரியும், படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும், பேசத்தான் வராது. யாராவது பெயரைக் கேட்டாலே பக்கத்தில் இருப்பவர் சேலைக்குள் போய்விடுவேன்.

பஸ்ஸில் அய்யன் மடியில் ஒரு புதுக் கயிறு சுருட்டி வைத்திருந்தார்.

மண்டிக்குப் பின்னால் தேங்காய் மட்டைகளுக்கு நடுவே பிளசர் நின்றது. கறுப்பு வண்டி. தோல் கூரை இரண்டு இடத்தில் தைத்திருந்தது. மாமா ஓடிப்போய் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். அய்யன் அந்தப் பக்கமே போகவில்லை. இருபதடி பின்னால் நகர்ந்து, அது நிற்கிற நிலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு வலமாகச் சுற்றி வந்தார். சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“கொளம்பு தேஞ்சிருக்குதுங்களே.”

“மலையேறுன கொளம்பு அப்பிடித்தானுங்க இருக்கும்” என்றார் மண்டிக்காரர்.

இடது கதவுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு ஒடுக்கு. அய்யன் அதில் விரலை வைத்துச் சுற்றினார். “இதென்ன சுழிங்க?”

“யானை ஒண்ணு தடவிக் குடுத்துட்டுப் போச்சுங்க. ராசியான சுழி.”

“வயசு?”

“இன்னும் ஆறு பல்லுத்தானுங்க.”

குளம்பு, சுழி, பல் என்று மாடு பார்க்கிற பேச்சு மாமாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “மச்சா, இது மாடில்லீங்க, மோட்டாரு.”

“தெரியுது மாப்ள. மாடா இருந்தா உன்னையக் கூட்டிட்டு வந்திருப்பனா?”

பிறகு காகிதம் வந்தது. நாலாய் மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகியிருந்தது. நான் எழுத்துக்கூட்டி அய்யன் காதில் படித்தேன். முதலில் ஒரு துரை பெயர். இரண்டாவது பெயரை அடித்திருந்தது. மூன்றாவது யாரோ எஸ்டேட் கணக்குப்பிள்ளை. மண்டிக்காரர் பெயர் எங்கேயும் இல்லை. எண்ணும் முழுதாக இல்லை. ஏழு, நாலு, நாலு. கடைசி எண்ணின் மேல் முத்திரை மை ஊறிப்போயிருந்தது. வண்டிக்கு முன்னால் பலகையே இல்லை. பின்னால் இருந்த பலகையில் மட்டும் 7441 என்று பளிச்சென்று தெரிந்தது.

“ஏனுங்க, இதுல உங்க பேரு காணமே?”

“எம்பேரு ஊருக்கே தெரியுமுங்க. கடுதாசில எதுக்குங்க?”

அய்யன் தாடையைச் சொறிந்தார். “மூணு ஊட்டுத் தண்ணி குடிச்சிருக்குது. நாலாவது ஊடு எதுன்னே எழுதல.” வாங்காமல் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படியானால் அக்கா வரமாட்டாள்.

அவர் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். தளும்பத் தளும்ப நிரப்பி, பின்சீட்டில் வைத்து, பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார். “கையில புடிக்கப்படாது அம்மிணி. பாத்துட்டு மட்டும் இரு.” மாமா முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்ற, பிளசர் இருமி, உதறி, உயிர்பெற்றது. மண்டிச் சந்தில் தொடங்கி, குண்டும் குழியுமான வண்டித்தடம் வரை போய்த் திரும்பினோம். அய்யன் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“சிந்துச்சா?”

நனைந்த பாவாடையைக் காட்டினேன். உள்ளங்கை அகலம்தான். அய்யன் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். “நம்ம வண்டின்னா பாதி போயிருக்கும்” என்றார். அதற்குமேல் யோசிக்கவில்லை. துண்டுக்கு அடியில் இருவரும் கையைக் கோத்து, விரலால் விலை பேசி முடித்தார்கள்.

முடித்ததும் மண்டிக்காரர் திருப்புளியோடு வந்து, பின்னால் இருந்த எண் பலகையைக் கழற்றினார். “வண்டி உங்களுது. கயிறு நா வெச்சுக்கறனுங்க.” மாடு விற்கிறவன் மாட்டைக் கொடுப்பான், கயிற்றைக் கொடுக்க மாட்டான். கயிறு போனால் கட்டுத்தரை ராசியும் கூடவே போய்விடும் என்பார்கள். வாங்குகிறவன்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். மாடு வளர்த்த யாரும் இதில் குறை சொல்ல மாட்டார்கள். அய்யனும், “அது மொறைதானுங்களே” என்று சொல்லி, மடியிலிருந்த புதுக் கயிற்றை எடுத்துப் பிளசரின் முன்விளக்கில் முடிச்சுப் போட்டார். மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அக்கா வீட்டில் பந்தி முடிந்த நேரம். அவள் மாமியார் வெளியே வந்து பிளசரைச் சுற்றிப் பார்த்தார். “நா மொதல்ல உக்காந்து பாக்கறன்” என்று ஏறிவிட்டார். மாமா அவரைக் கோயில் வரை கொண்டுபோய்க் கொண்டுவந்தார். இறங்கி, சேலையை நீவிவிட்டு, கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். கலையவில்லை. “செரி, கூட்டிட்டுப் போங்க. மெதுவா ஓட்டச் சொல்லுங்க” என்றார். அம்மா எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள்.

அக்காவும் அம்மாவும் நானும் பின்னால். எல்லைச் சாவடி வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆட்சி, இந்தப் பக்கம் கொச்சி மகாராஜா. குறுக்கே ஒரு மூங்கில். மலையாளத்து அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து கேட்டார். “நம்பர் எவிடெ?”

“வித்தவரு வெச்சுக்கிட்டாருங்க” என்றார் மாமா. ஏன் என்று அதிகாரி கேட்க, கயிற்று முறையை அய்யன் பொறுமையாக விளக்கினார். அதிகாரி முன்விளக்குக் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். “அப்போ இது காளையானோ?” பிறகு காகிதத்தை வாங்கி வெயிலில் பிடித்தார். கடைசி எண் அவருக்கும் தெரியவில்லை. எண் தெரியாத வண்டியைப் பதிவில் எழுத முடியாது, வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றுவிட்டார். சாவடியில் நின்ற, பாரம் ஏற்றும் ஒரு மாட்டு வண்டியை அம்மா பார்த்தாள். அக்கா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“ஒம்போதுங்க” என்றார் மாமா, எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று. அதிகாரி நம்பவில்லை. அய்யன் திரும்பி என்னைப் பார்த்தார். “அம்மிணிக்குத் தெரியும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காவின் சேலைக்குள் போய்விட்டேன். உள்ளே இருட்டு, மல்லிகை வாசனை, வளையல் சத்தம். அங்கிருந்தே அவள் காதில் சொன்னேன். அவள் வெளியே சொன்னாள். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சுண்ணாம்புக் கட்டியை நீட்டி, “கொச்சு தன்னெ எழுதட்டெ” என்றார், குழந்தையே எழுதட்டும் என்று. வேறு வழியில்லை, இறங்கினேன். சிலேட்டில் எழுதுவதுபோல அந்தக் கறுப்பு முதுகில் ஏழு, நாலு, நாலு, ஒன்று என்று பெரிதாக எழுதினேன். அதைப் பார்த்து அவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, சீக்கிரம் பலகை மாட்டும்படி சொல்லி மூங்கிலைத் தூக்கினார். பிற்பாடு வந்த பெயிண்டர் என் கோணல் நாலைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டான். அந்த வண்டி இருந்தவரை அது என் எழுத்துதான்.

வீட்டில் அக்காவுக்கு ஆரத்தி எடுத்தார்கள். ஊரே பிளசரைச் சுற்றி நின்றது. கூட்டம் எனக்கு ஆகாது. நழுவிக் கட்டுத்தரைக்குப் போனேன். அய்யன் அங்கே தனியாக நின்றிருந்தார். காளைகள் கட்டும் இடம் காலியாக இருந்தது. முளையில் அவற்றின் பழைய கயிறு இரண்டும் தொங்கின. பொங்கலுக்குத் தடவிய மஞ்சள் இன்னும் போகவில்லை. அய்யன் ஒரு கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

“காளைங்க எப்பங்கய்யா வரும்?”

“லாடம் கட்டறதுன்னா நாளாகும் அம்மிணி. நீ போய் அக்காகிட்ட இரு.”

எனக்கு ஒரே சந்தோஷம். பிளசருக்கே கயிறு வாங்கியவர், காளைகளுக்கு வாங்காமலா இருப்பார்? அவற்றுக்கும் புதுக் கயிறு போட்டிருக்கிறார், அதனால்தான் பழையது இங்கே தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, அதை அக்காவிடம் சொல்ல ஓடினேன்.